ஐரோப்பா போய் பெஞ்சில் உட்காருவதற்கா ஒரு கோல்கீப்பர்?

இந்திய அணியின் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து மூன்று வருஷம் நார்வேயில் ஆட்டமில்லாமல் பெஞ்சைத் தேய்த்துவிட்டுத் திரும்பினார், 19 வயதான என் தம்பியும் கோல்கீப்பர், அவனை ஐரோப்பிய கிளப்களின் தேர்வுச் சோதனைக்கு, அதாவது டிரயலுக்கு, அனுப்புவது வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை. ஆனால் முதலில் அந்தப் பெஞ்ச் பேச்சை விட்டுவிடுங்கள். நம் ஊரில் கால்பந்து பார்க்கிறவர்களே இதைச் சொல்வதுதான் எனக்கு ஆற்றாமை.

ஒரு அணியில் சாதாரணமாக மூன்று கோல்கீப்பர்கள் இருப்பார்கள். ஆடுவது ஒருவர். ஃபார்வர்டு எழுபதாவது நிமிடத்தில் இறங்கிக்கூடப் பெயர் வாங்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வழி கிடையாது. முதல் ஆளுக்கு அடிபட வேண்டும், சிவப்பு அட்டை விழ வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஃபார்ம் போக வேண்டும். குர்பிரீத் 2014 ஆகஸ்டில், 22 வயதில், ஸ்டாபெக் கிளப்பில் சேர்ந்தார். நார்வே லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிவது. அவர் போய் இறங்கியபோதே பாதி சீசன் கழிந்திருந்தது. அவருக்கு முன்னால் நின்றவர் சயூபா மண்டே, அந்த வருஷ உலகக் கோப்பையில் ஐவரி கோஸ்ட் அணியில் இருந்தவர். காத்திருந்து 2016 மே மாதம் ஸ்டார்ட் அணிக்கு எதிராக லீக்கில் இறங்கினார் குர்பிரீத். ஸ்டாபெக் 5-0 என்று ஜெயித்தது. ஜூன் 30 அன்று வேல்ஸின் கானாஸ் கீ நோமாட்ஸ் அணியோடு, ஐரோப்பிய கிளப்கள் மோதும் யூரோப்பா லீக்கின் தகுதிச் சுற்றில் ஆடினார். யூரோப்பா லீக்கில் ஆடிய முதல் இந்தியர் அவர்தான். அப்போது அவருக்கு 24. கோல்கீப்பருக்கு அது இளம் வயது.

2017இல் பெங்களூரு எஃப்சிக்கு வந்த பிறகு 2018-19, 2019-20 இரண்டு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசன்களிலும் சிறந்த கோல்கீப்பருக்கான கோல்டன் கிளவ் வாங்கினார். 2019 செப்டம்பரில் தோஹாவில் ஆசியச் சாம்பியன் கத்தாரை 0-0 என்று நிறுத்திய ஆட்டத்தில் கேப்டனும் அவரே. எல்லாமே நார்வே கொடுத்தது என்று சொல்லவில்லை. அதற்கு முன் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் இருந்த நாட்கள் உண்டு, ஆறரை அடிக்குக் கிட்டத்தட்ட வரும் உயரமும் உண்டு. ஆனாலும் வாரம் முழுக்க கோல்கீப்பர் பயிற்சியாளரோடு தனி வேலை, பிறகு தன்னைவிட வேகமான ஃபார்வர்டுகளின் ஷாட்டுகள் என்று கழிந்த மூன்று வருஷத்தை வெறும் உட்கார்ந்த கணக்கில் எழுதுவது நியாயமில்லை. எல்லோருக்கும் அப்படி அமையாது என்பதும் உண்மை. அதே 2014இல் டென்மார்க் போன இன்னொரு இந்திய கோல்கீப்பர் சுப்ரதா பால் லீக் ஆட்டம் ஒன்றுகூடக் கிடைக்காமல் திரும்பினார்.

இனி உங்கள் தம்பி. முதலில் எந்த நாடு என்று பாருங்கள். இங்கிலாந்தை இப்போதைக்கு மறந்துவிடலாம். அங்கே வேலை அனுமதிக்கான புள்ளிகளில் தேசிய அணியின் ஃபிஃபா தரவரிசைக்குப் பெரிய பங்கு உண்டு. 2009இல் இந்திய ஃபார்வர்டு சுனில் சேத்ரியை எடுக்க லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் தயாராக இருந்தும், இந்தியா முதல் 70 நாடுகளுக்குள் இல்லாததால் அனுமதி மறுக்கப்பட்டது. சீனாவில் வெளிநாட்டு கோல்கீப்பருக்கே இடமில்லை. தென்கொரியாவிலும் 1999 முதல் அதே தடை நெடுங்காலம் இருந்தது. வலேரி சரிச்செவ் என்ற சோவியத் கோல்கீப்பர் இல்வா அணிக்கு 1993 முதல் 1995 வரை தொடர்ந்து மூன்று பட்டங்கள் வாங்கித் தந்ததைப் பார்த்து எல்லா கிளப்களும் வெளியாட்களைத் தேட, உள்ளூர்ப் பையன்களுக்கு ஆட இடமே இல்லாமல் போனது. சரிச்செவ் கடைசியில் கொரியக் குடியுரிமை வாங்கி, ஷின் உய்-சொன் என்ற பெயரில் ஆடினார். தடை இல்லாத நாடுகளிலும், ஐந்து வெளிநாட்டினர்தான் என்று வரம்பு இருந்தால் கிளப் அதை ஸ்ட்ரைக்கருக்குத்தான் செலவழிக்கும். வரம்பு தளர்வாக உள்ள லீக்கின் இரண்டாம், மூன்றாம் டிவிஷன்தான் 19 வயதுக்குச் சரியான இடம்.

வீடியோ அனுப்பும்போது பாய்ந்து பிடித்த ஷாட்டுகளை மட்டும் வெட்டி, பாட்டுப் போட்டு அனுப்பாதீர்கள். கோல்கீப்பர் பயிற்சியாளர் பார்ப்பது பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது இவன் எங்கே நிற்கிறான், ஓரத்திலிருந்து உயர அடிக்கும் கிராஸுக்கு வெளியே வருகிறானா, தன் அணிக்காரன் பின்னால் தள்ளும் பின்பாஸ் வந்தால் இடது காலாலும் அடிக்கிறானா என்பதைத்தான். மூன்று முழு ஆட்டங்களை அப்படியே கொடுங்கள், அதில் ஒன்று தோற்ற ஆட்டமாக இருக்கட்டும். நார்வே, ஸ்வீடன் பக்கம் என்றால் ஜனவரி, பிப்ரவரியில் போக வேண்டும். சீசனுக்கு முன் அணி கட்டும் நேரம் அது. டிரயலுக்குப் பணம் கேட்கிற ஏஜென்ட் யாராக இருந்தாலும் அத்தோடு விட்டுவிடுங்கள். 2023 அக்டோபரிலிருந்து ஏஜென்ட்டுக்கு ஃபிஃபா உரிமம் கட்டாயம். அழைப்புக் கடிதம் வந்தால், கிளப்பின் அதிகாரபூர்வ முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது பயிற்சி இழப்பீட்டில். 23 வயதுக்குள் ஒருவன் வெளிநாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால், 12 முதல் 21 வயது வரை அவனைப் பயிற்றுவித்த கிளப்களுக்குப் புதிய கிளப் பணம் கட்ட வேண்டும். ஐரோப்பாவில் புதிய கிளப்பின் தரத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 10,000 முதல் 90,000 யூரோ வரை கணக்கு. 12 முதல் 15 வயது வரையான ஆண்டுகளுக்கு மிகக் குறைந்த விகிதம். நான்கு தரங்களில் கடைசியான நான்காம் தரக் கிளப் என்றால் எதுவும் கட்ட வேண்டியதில்லை. யாரென்று தெரியாத பையனுக்காகச் சின்ன கிளப் இந்தப் பணத்தை எடுக்காது, பேசாமல் விலகிவிடும். பழைய கிளப்களிடம் இழப்பீடு வேண்டாம் என்ற கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் உங்களுக்கு ஆயுதம். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், 15 நாள் கெடு கொடுத்து எழுத்தில் கேட்டுவிட்டு விலகலாம். நிலைபெற்ற வீரர், சீசனின் அதிகாரபூர்வ ஆட்டங்களில் பத்து சதவீதம்கூட ஆடாவிட்டால், கடைசி ஆட்டம் முடிந்த 15 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஆனால் இரண்டாம் கோல்கீப்பர் என்று தெரிந்தே கையெழுத்திட்டவர் இதைக் கேட்டால் வாதாடுவது கடினம். ஆகவே கடன் முறையில் வேறு கிளப்புக்கு அனுப்பும் ஷரத்தை முதலிலேயே போடச் சொல்லுங்கள்.

மொழியை அலட்சியம் செய்யாதீர்கள். ஜெர்மனியில் பந்து எனக்கு என்று கத்த "லியோ", ஸ்பெயினில் "மீயா". அரை வினாடி யோசித்தால் டிஃபெண்டரோடு மோதி பந்து கோலுக்குள் போய்விடும். பல மொழி பேசுகிறவர் என்று பெயரெடுத்த ஜப்பானின் எய்ஜி கவாஷிமா 2016இல் பிரான்ஸின் மெட்ஸுக்கு மூன்றாவது கோல்கீப்பராகத்தான் போனார். பிறகு முதல் இடத்துக்கு வந்தார்.

குளிர் நாட்டுச் செயற்கைப் புல்லில் கையுறையின் உள்ளங்கை ரப்பரான லேடெக்ஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும். பயிற்சிக்குப் பழைய ஜோடி, ஆட்டத்துக்குத் தனி ஜோடி வேண்டும். இளஞ்சூட்டு நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் லேடெக்ஸில் வெடிப்பு விழும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நம் பையன்களின் பெரிய குறை விழுவதில் இருக்கிறது, அது அவர்கள் தவறே இல்லை. கெட்டி மண்ணில், பல இடங்களில் கோல்கீப்பர் பயிற்சியாளரே இல்லாமல், உயரமாக இருக்கிறான் என்பதற்காக 15 வயதில் கோலில் நிறுத்துகிறார்கள். தொடை, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையில் படாமல் முழங்கையை ஊன்றி விழப் பழகுகிறான். பந்து நழுவுகிறது, தோள் போகிறது. பத்து வயதுக் குழந்தைகளுக்கு நாலு மெத்தையும் கொஞ்சம் புல்லும் கொடுக்காத அகாடமிகள் வருஷக் கட்டணம் மட்டும் தவறாமல் வாங்குகின்றன. எல்லா அகாடமியும் அப்படியில்லை என்று கமென்ட்டில் வருவீர்கள், தெரியும்; நல்லது செய்கிறவர்களை நான் சொல்லவில்லை. உங்கள் தம்பி முழங்கை ஊன்றுகிறானா என்று இந்த வாரமே பாருங்கள். ஊன்றினால் ஆறு மாதம் அதைத் திருத்திவிட்டு டிரயலைப் பேசலாம்.

கிளப் தேர்ந்துவிட்டால், கையெழுத்துக்கு முன் எழுத்தில் மூன்று கேள்வி: அணியில் எத்தனை கோல்கீப்பர்கள், அவர்கள் ஒப்பந்தம் எந்த வருஷம் முடிகிறது, கிளப்பின் இரண்டாவது அணியான ரிசர்வ் அணி எந்த டிவிஷனில் ஆடுகிறது. மூன்றாவதுக்குச் சரியான பதில் வராவிட்டால் விமான டிக்கெட் போடாதீர்கள். தம்பி ஆடப்போவது அந்த ரிசர்வ் அணியில்தான்.