இயர் 9 மகள் புவியியல் கேட்கிறாள் என்றால், எடுக்கட்டும் தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. நீங்கள் திருச்சியிலிருந்து இங்கிலாந்தில் ரெடிங் வந்து எட்டு மாதம், மகள் இயர் 9 வகுப்பு, பாடம் தேர்ந்தெடுக்கும் ஆப்ஷன் ஃபாரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸும் புவியியலும் ஒரே கட்டத்தில் வருவதால் இரண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும். அவள் புவியியலில் உறுதியாக நிற்கிறாள், "இதைப் படிச்சு என்ன ஆகப் போறா?" என்று உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. 2016 பிப்ரவரியில் இதே ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் இதையேதான் கேட்டேன்.

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கிற கணக்கில் இதைப் பார்க்காதீர்கள். இங்கே பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல் எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் மூன்று நான்கு பாடங்கள்தான் பிள்ளை தேர்ந்தெடுப்பது. வரலாறு, புவியியல் இரண்டில் ஒன்றை எடுத்தே ஆகவேண்டும் என்று பல பள்ளிகளே சொல்லிவிடும். பிறகு மருத்துவம் என்றால், ஜிசிஎஸ்இக்கு அடுத்த இரண்டு வருடப் படிப்பான ஏ லெவலில் வேதியியலும் உயிரியலும் பார்ப்பார்கள், இன்ஜினியரிங் என்றால் கணக்கும் இயற்பியலும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்துக்கே கேம்பிரிட்ஜ் கட்டாயம் என்று கேட்பது ஏ லெவல் கணக்கைத்தான். பதின்மூன்று வயதில் புவியியல் எடுத்ததால் இவற்றில் எதுவும் கைவிட்டுப் போகாது.

நாம் பத்தாவதில் படித்த புவியியல் சமூக அறிவியலுக்குள் ஒரு பங்கு. கோதாவரியை நீலத்தில் இழுத்து, கரிசல் மண்ணுக்குக் கோடு போட்டு, மார்க் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். இங்கே சொல்லிக்கொடுப்பது வேறு. ஒரு உதாரணம் சொல்கிறேன். யார்க்ஷயரில் ஹோல்டர்னஸ் என்று ஒரு கடற்கரை. பனியாறு விட்டுப்போன களிமண்ணால் ஆன கரை, கெட்டியில்லை. வருடத்துக்குச் சராசரியாக இரண்டு மீட்டர் அளவுக்குக் கடல் அதைத் தின்றுகொண்டே வருகிறது. அங்கே மேப்பிள்டன் என்ற சின்னக் கிராமத்தைக் காப்பாற்ற 1991இல் சுமார் 20 லட்சம் பவுண்ட் செலவில் பாறைத் தடுப்புகள் போட்டார்கள். கிராமமும் சாலையும் தப்பித்தன. ஆனால் கரையோரமாகத் தெற்கே போகவேண்டிய மணலை அந்தத் தடுப்பு பிடித்து வைத்துக்கொண்டது. மணல் குறைந்ததால் தெற்கே இருந்த பண்ணை நிலம் முன்பைவிட வேகமாகக் கடலுக்குள் போனது. பரீட்சையில் கேட்பது, செய்தது சரியா என்று. 9 மதிப்பெண். இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்து, ஆதாரத்தோடு ஒரு முடிவு சொல்லவேண்டும். இந்த வயதில் அப்படி ஒரு கேள்விக்கு உட்கார்ந்து யோசிப்பது எவ்வளவு பெரிய பயிற்சி என்று எனக்கு முதலில் தெரியவில்லை.

எனக்கு அது லேசாகப் புரிய ஆரம்பித்தது 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில். என் தம்பி வீடு முடிச்சூரில். அடையாற்றுத் தண்ணீர் தரைத்தளம் முழுக்க ஏறிவிட்டது, போன் கிடைக்கவில்லை, நான் டிவி முன்னால் அழுதுகொண்டு இருந்தேன். மகள் கரன்ட் பில் வந்த உறையைத் திருப்பிப் போட்டு வரைந்தாள். மழைக்கு நாலைந்து கட்டைகள், அதற்கு மேல் மலை மாதிரி ஒரு வளைகோடு, அது ஆற்றின் ஓட்டம். "மழை உச்சத்துக்கும் ஆறு உச்சத்துக்கும் நடுவுல இருக்கற நேரம்தான்மா முக்கியம். மண்ணு குடிச்சா அந்த நேரம் நீளும். சிமென்ட் போட்டா சுருங்கும், மலையும் உயரமாயிடும்." அப்புறம் கேட்டாள்: "மாமா வீட்டுப் பக்கம் முன்னாடி ஏரி இருந்துச்சா?" முடிச்சூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏரிகள் உண்டு, அவற்றின் கரையையும் வாய்க்காலையும் ஒட்டி எத்தனை வீடுகள் எழும்பின என்று அவளுக்குச் சொன்னேன். பிப்ரவரியில் ஃபாரம் வந்தபோது கம்ப்யூட்டர் சயின்ஸைச் சொல்லிப் பார்த்தேன், ஆனால் அந்த உறை நினைவில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சுலபமான பாடம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் மகள் புதிதாக வந்தவள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். மதிப்பெண் போவது விஷயம் தெரியாமல் அல்ல, எழுத்தில்தான். 'விவரி' என்றால் ஒன்று, 'விளக்கு' என்றால் வேறு, 'மதிப்பிடு' என்றால் வேறு. மதிப்பிடு என்று கேட்டதற்கு விவரித்து எழுதினால் பாதிகூட வராது. என் மகள் இயர் 10இல் வாரம் ஒரு 9 மதிப்பெண் பதில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்தாள். கேட்டால் திருத்தித் தருகிற ஆசிரியர்கள் இங்கே நிறைய. பிள்ளைக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தால் நீங்கள் ஒரு மெயில் போடுங்கள், தப்பில்லை.

களப்பணி உண்டு. ஆற்றுக்கோ கடற்கரைக்கோ ஒரு நாள், ஊருக்குள் ஒரு நாள் என்று போவார்கள். ஆற்றில் இறங்கி அகலம், ஆழம் அளந்து, மிதவை விட்டு வேகம் பார்த்து, கூழாங்கற்களை எடுத்து அளப்பார்கள். அதைப் பற்றிப் பரீட்சையில் கேள்வி வரும், அதனால் போகாமல் இருக்கக் கூடாது. அரசுப் பள்ளியில் பள்ளி நேரத்துப் பயணத்துக்குக் கேட்கும் பணம் விருப்பப் பங்களிப்புதான். கொடுக்க முடியவில்லை என்பதற்காகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. வந்த புதிதில் கை இறுக்கமாக இருக்கும், எனக்குத் தெரியும். பள்ளி அலுவலகத்தில் சொல்லுங்கள்.

வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் மகள் 2018இல் ஜிசிஎஸ்இ எழுதினாள், புவியியலில் எழுத்துக்குப் பதிலாக 9 முதல் 1 வரை எண் கிரேடு வந்த முதல் செட். இப்போது வெள்ள அபாய வரைபடங்கள் தயாரிக்கிறாள். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்கிடுவது, முழுக்கக் கம்ப்யூட்டரில். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைப் பல்கலைக்கழகத்தில்தான் கற்றுக்கொண்டாள். காப்பீட்டு நிறுவனங்கள், கவுன்சில்கள், நகரத் திட்டமிடல், வரைபட வேலை என்று இந்தப் பக்கம் ஆள் தேவை இருக்கிறது. நாங்கள் வீடு வாங்கும்போது அஞ்சல் குறியீட்டைப் போட்டு அரசுத் தளத்தில் வெள்ள அபாயம் பார்த்து, ஒரு அழகான ஆற்றோர வீட்டை வேண்டாம் என்று நிறுத்தியவளும் அவள்தான்.

ஒன்று மட்டும் மகளிடம் கேளுங்கள்: தோழி எடுக்கிறாள் என்பதற்காகவா, இல்லை அவளுக்கே பிடித்தா? தோழிக்காக என்றால் கொஞ்சம் பேசுங்கள், ஒரே வகுப்பில் போடுவார்கள் என்று உறுதியில்லை. பிடித்து என்றால் விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸும் வேண்டும் என்று அவளுக்கே ஆசை இருந்தால், கட்டத்தை மாற்ற வழி உண்டா என்று பள்ளியில் கேளுங்கள், சில நேரம் மாற்றித் தருவார்கள்.

ஃபாரம் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது என்கிறீர்கள். நூலகத்தில் இந்த நாட்டு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை வரைபடம் கிடைக்கும், உங்கள் ஊர்ப் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் 4 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். சனிக்கிழமை அவளையே வழி காட்டச் சொல்லி, கென்னட் ஆறு தேம்ஸில் சேரும் இடம் வரைக்கும் நடந்து போய்விட்டு வாருங்கள். போகும் வழியில் உங்கள் தெரு எந்த உயரக்கோட்டில் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) இருக்கிறது என்று அவளிடம் கேளுங்கள்.