அருகிருந்தவரின் சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பாவுக்கு அல்சைமர் நோய் என்று உறுதியாகி மூன்றாண்டுகள் ஆகின்றன. பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். அம்மாவையும் வெளியூரில் இருக்கும் தம்பியையும் இதில் ஈடுபடுத்த வேண்டுமா, அல்லது வேலை தெரிந்தவரிடம் விட்டுவிட்டு ஒதுங்கியிருப்பதே நல்லதா? அப்பாவுக்கு எதுவும் புரிவதில்லை, யார் செய்தாலும் ஒன்றுதான் என்கிறான் தம்பி. செலவும் கவலையாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

சில நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்தையே உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. செலவைப் பற்றி உங்கள் வீட்டு நிலையை அறிந்தவர்களிடம்தான் பேச வேண்டும், அதை விட்டுவிடுகிறேன்.

'எதுவும் புரிவதில்லை' என்ற சொல்லை உங்கள் வீட்டில் இனி யாரும், குறிப்பாக அப்பாவின் எதிரில், சொல்லக் கூடாது. இந்நோயில் பெரும்பாலும் புதிய நினைவுகள் பதிவதுதான் முதலில் கெடுகிறது. ஆனால் குரலில் உள்ள எரிச்சலையும் முகத்தில் உள்ள கனிவையும் உணரும் திறன் நெடுங்காலம் எஞ்சியிருக்கிறது. நடந்தது மறந்த பிறகும் அது ஏற்படுத்திய கலக்கம் அவரிடம் நீடிக்கக்கூடும். படித்த நீங்கள் தம்பியின் இந்த வாதத்தை மறுக்காமல் எனக்கு எழுதி அனுப்பியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

1901-இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அகுஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் பரிசோதித்தார். 1906-இல் அந்தப் பெண் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்து அதே ஆண்டில் அல்சைமர் அறிவித்ததுதான் பின்னர் அவர் பெயராலேயே வழங்கும் நோயாயிற்று. அந்த விவரிப்பில் முதல் அறிகுறியாக வருவது மறதி அன்று, கணவர்மீது ஏற்பட்ட காரணமற்ற சந்தேகம். அதை எந்த நுண்ணோக்கியும் காட்டியிருக்க முடியாது; அந்த வீட்டில் வாழ்ந்தவர்தான் சொல்லியிருக்க முடியும். இந்நோயின் வரலாறே குடும்பத்தின் சாட்சியத்தில்தான் தொடங்குகிறது. ஆனாலும் இன்று மருத்துவமனைகளில் குடும்பத்தாரை அழைத்தால் மாத்திரை நேரத்தைச் சொல்லி அனுப்புகிறார்களே தவிர, 'இவர் முன்பு எப்படி இருந்தார், என்றிலிருந்து மாறினார்' என்று பொறுமையாகக் கேட்பவர்கள் குறைவு.

மறதிநோய் இருந்த என் அத்தை இடுப்பெலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். இரவில் உறவினர் இருக்கக் கூடாது என்று எங்களை அனுப்பிவிட்டு, அவருடைய மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்கள். காலையில் போனபோது அவர் கைகள் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. நோய் முற்றிவிட்டது, இனி இப்படித்தான் என்றார்கள். 'நேற்று மாலை வரை என் பெயர் சொல்லிப் பேசினாரே, ஒரே இரவில் முற்றுமா?' என்று அத்தையின் மகள் விடாமல் கேட்ட பிறகே பரிசோதித்தார்கள். சிறுநீர்த் தொற்று இருந்தது. மருந்து கொடுத்து, காதுக்கருவியை மாட்டி, மகளையும் உடனிருக்க விட்டதும் சில நாட்களில் அவர் பழைய நிலைக்குத் திரும்பினார். அல்சைமர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வருவது. மணிக்கணக்கில், ஓரிரு நாட்களில் வந்து, ஏறியும் இறங்கியும் இருப்பது டெலிரியம் எனப்படும் கடும் மனக்குழப்பம். தொற்று, நீரிழப்பு, புதிய மருந்து, வலி, மலச்சிக்கல் என்று அதற்குத் தீர்க்கக்கூடிய காரணம் பெரும்பாலும் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய முதலில் தேவைப்படுவது 'நேற்று இவர் இப்படி இல்லை' என்று சொல்ல ஒருவர். ஒவ்வொரு பணிநேரத்துக்கும் ஆள் மாறும் மருத்துவமனையில் அந்த ஒருவர் குடும்பத்தார்தான். அவரை வாசலுக்கு வெளியே நிறுத்துவதை நான் ஒழுங்கு என்று ஏற்கமாட்டேன். அது சிகிச்சையில் நேரும் பிழை.

பராமரிப்பாளர் இருக்கட்டும். தூக்குவது, குளிப்பாட்டுவது போன்ற உடலுழைப்பை வயதான அம்மாவின் தலையில் கட்டாதீர்கள். ஆனால் அப்பா குளிக்க மறுக்கிறார் என்றால் ஏன் என்று பராமரிப்பாளர் முதலில் கேட்க வேண்டியது அம்மாவிடம்தான்: எந்த நேரத்தில் குளிப்பார், தலையில் நீர் ஊற்றினால் அஞ்சுவாரா, எந்தப் பெயரால் அழைத்தால் திரும்புவார். இதையெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதுங்கள். பார்வை, காது, விழுங்குவதில் உள்ள சிரமம், வலித்தால் அவர் காட்டும் முகக்குறி ஆகியவற்றையும் சேருங்கள். அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது மருந்துச்சீட்டோடு அதையும் கொடுங்கள்.

தம்பியிடம் இனிக் கருத்துக் கேட்க வேண்டாம். இரண்டு வாரம் வந்து அப்பாவோடு தங்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் நீங்கள் வேறெங்காவது போய் நன்றாகத் தூங்குங்கள்.

அன்புடன்.