ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவது கடினமாக இருக்கும் நிலை) உள்ள இருவர் எங்கள் டீமில் சேர்கிறார்கள். ஓர் அமைதி அறையும் நல்ல ஹெட்ஃபோனும் போதுமா?

போதாது. ஹெட்ஃபோனுக்குப் பில் போட்டுவிடலாம், அதனால்தான் எல்லாரும் அதிலேயே ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் டீம் லீட் என்று வைத்துக்கொள்கிறேன். பட்ஜெட் உங்கள் கையில் இருக்காது, ஆனால் வேலையைச் சொல்வது நீங்கள்தான். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

“அந்த ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துட்டு, முடிஞ்சா சீக்கிரம் அனுப்பிடுங்க.” இந்த ஒரு வரியில் மூன்று ஓட்டைகள். ஒரு பார்வை என்றால் எழுத்துப்பிழை பார்ப்பதா, கணக்கைச் சரிபார்ப்பதா? முடிஞ்சா என்றால் செய்யாமலும் விடலாமா? சீக்கிரம் என்றால் இன்றைக்கா, இந்த வாரத்துக்குள்ளா? மற்றவர்கள் உங்கள் முகத்தையும் குரலையும் வைத்து ஊகித்துக்கொள்வார்கள். ஆட்டிசம் உள்ளவர் நாற்பது பக்கத்தையும் வரிவரியாகச் சோதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஏடிஎச்டி உள்ளவருக்குத் தேதி இல்லாத வேலை கண்ணிலேயே படாமல் போகலாம். அதையே இப்படி எழுதுங்கள்:

“மூன்றாம் பகுதி அட்டவணையின் கூட்டுத்தொகைகளை மட்டும் மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள்.
மொழிநடையில் கை வைக்க வேண்டாம்.
தவறு இருந்தால் அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் அடியுங்கள்.
வியாழன் மாலை 4 மணிக்குள் வேண்டும்.
ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் நிறுத்திவிட்டு என்னிடம் சொல்லுங்கள்.”

கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. ஒரு வரிக்கு ஒரு வேலை என்று பிரித்திருப்பது டிஸ்லெக்ஸியா (எழுத்தைப் படிப்பதில் சிரமம்) உள்ளவருக்கும் உதவும். நீளமான ஆவணமாக இருந்தால் எழுத்தளவு 12 முதல் 14, வரி இடைவெளி ஒன்றரை, இடப்பக்கம் மட்டும் சீராக. சாய்வெழுத்து வேண்டாம்.

இரண்டு வார வேலையை ஒரே டெட்லைனோடு தூக்கிக் கொடுத்தால் ஏடிஎச்டி உள்ளவர் கடைசி இரண்டு நாளில்தான் ஓடுவார். இரண்டு நாளுக்கு ஒரு துண்டு, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் கண்ணால் பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று என்று பிரியுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பேசுங்கள்: எது முடிந்தது, எது சிக்கியிருக்கிறது, அடுத்து எது. ‘ஏன் முடியவில்லை’ என்று நாலாவது கேள்வி முளைத்தால் அது கண்காணிப்பு ஆகிவிடும், ஆள் மறைக்கத் தொடங்குவார். ஐந்தாவது வேலையைக் கொடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நான்கில் எது பின்னால் போகிறது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சாட்டில் “ஹலோ” என்று மட்டும் போட்டுவிட்டுக் காணாமல் போவதை இன்றோடு நிறுத்துங்கள். வெள்ளிக்கிழமை மாலை மேனேஜரிடமிருந்து “கொஞ்சம் பேசணும், திங்கள் பார்ப்போம்” என்று வந்தால் அந்த இரண்டு நாளும் போச்சு. விஷயத்தைச் சேர்த்தே அனுப்புங்கள். இது நியூரோடைவர்ஜென்ட் ஆட்களுக்கு, அதாவது ஆட்டிசம், ஏடிஎச்டி போல மூளை வேறு விதமாக இயங்குபவர்களுக்கு, மட்டுமான தொல்லையும் இல்லை. இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் வாயில் வருகிறது: விழிப்புணர்வு நாளுக்கு வண்ண வண்ணமாய் போஸ்டர் ஒட்டும் எச்.ஆர். துறைகள், வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் ‘கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா’, ‘கலகலப்பாகப் பழகுகிறாரா’ என்பவற்றுக்கு மதிப்பெண் வைத்திருக்கும். போஸ்டர் ஒட்டுவதற்குப் பதிலாக அந்த இரண்டு வரியை நீக்கியிருக்கலாம்.

சரி, சத்தம். அலுவலகத்தில் கவனத்தைக் கலைப்பது ஓசையின் அளவைவிட, காதில் தெளிவாக விழும் பேச்சுதான். சத்தம் குறைக்கும் ஹெட்ஃபோன் ஏசியின் தாழ்ந்த சீரான இரைச்சலை நன்றாகவே அடக்கும். பக்கத்து இருக்கைப் பேச்சை அந்த அளவுக்கு அடக்காது. அதனால் நடைபாதை, பிரிண்டர், பேன்ட்ரி மூன்றிலிருந்தும் தள்ளி, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் நிரந்தர இருக்கை கொடுங்கள். தினமும் இடம் தேடி உட்காரும் முறையிலிருந்து இவர்களுக்கு விலக்கு வேண்டும். இருவரையும் அடுத்தடுத்து உட்கார வைக்காதீர்கள். ஒருவருக்குப் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தால்தான் யோசனை ஓடும், மற்றவருக்கு அந்தத் தட்டல் மண்டைக்குள் இடிக்கும்.

பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 அல்லது 120 தடவை மினுக்கும், மலிவான எல்இடியும் மினுக்கலாம். மொபைல் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் பாருங்கள், வெளிச்சம் துடித்தால் மாற்றச் சொல்லுங்கள்.

அமைதி அறை வைத்தால் அது ஒரே மாதத்தில் போன் பேசும் அறையாக மாறிவிடும். உள்ளே போன் கூடாது, முன்பதிவு கிடையாது, ஏன் போனாய் என்று கேட்பதும் கிடையாது. சுவர் முழுக்கக் கண்ணாடி என்றால் மீன்தொட்டிதான், யாரும் போக மாட்டார்கள்.

மருத்துவச் சான்றிதழைக் கேட்டு உட்காராதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் மாறும்வரை ஆட்டிசம், ஏடிஎச்டி இரண்டையும் ஒருவருக்கே சேர்த்து எழுத அதன் விதி இடம் தரவில்லை. அதனால் பெரியவர்களில் பலரிடம் ஒரு பெயர் மட்டும் இருக்கும், சிலரிடம் அதுவும் இருக்காது. ‘எது வேலையைத் தடுக்கிறது’ என்று கேட்டால் போதும்.

இதெல்லாம் சலுகை, மற்றவர்களுக்கு அநியாயம் என்று கமென்டில் வருவீர்கள், தெரியும். மேலே சொன்னதில் எங்காவது வேலையின் தரத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேனா? மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, நியாயமான வசதியை மறுப்பதையே பாகுபாடு என்கிறது.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்றாதீர்கள், எது பலித்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி இரண்டு வாரம் விடுங்கள், பிறகு ‘இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா’ என்று அவரிடமே கேளுங்கள். முடிவானதை ஒரு பக்கத்தில் எழுதித் தேதி போட்டு, பிரதியை அவர் கையில் கொடுங்கள். நாளைக்கு நீங்கள் வேறு டீமுக்குப் போனால், புது மேனேஜரிடம் அவர் முதலிலிருந்து கெஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது.