கொட்டை முளைத்த மாமரம் தாயைப் போலக் காய்க்குமா?

கேள்வி: மிக இனிப்பாக இருந்த ஒரு மாம்பழத்தின் கொட்டையை ஊன்றி வளர்த்தேன். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. மரம் செழிப்பாக இருக்கிறது, ஆனால் இன்னும் பூக்கவில்லை. காய்த்தாலும் அந்தப் பழத்தின் ருசி வராது என்கிறார்கள். கன்று விற்கும் ஒருவர், இதை வெட்டிவிட்டு 'ஹைபிரிட் ஒட்டு' வைத்தால் இரண்டாம் ஆண்டே காய்க்கும் என்கிறார். வெட்டிவிடலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். உங்களிடம் இருப்பது ஆறு ஆண்டுகளாக மண்ணில் ஆழ வேரோடிய ஒரு மரம்; அந்த வேரை எந்தக் கன்று வியாபாரியும் பையில் வைத்து விற்க முடியாது. ருசியைப் பற்றி உங்களிடம் சொன்னவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்குத் தீர்வு மரத்தை அழிப்பதல்ல, மரத்தின் மேற்பகுதியை மட்டும் மாற்றுவது. அதை எப்படிச் செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், ருசி ஏன் வராது என்பதை நீங்கள் புரிந்துகொண்டால்தான் அடுத்த முறை யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

நீங்கள் ருசித்த சதையும் நீங்கள் ஊன்றிய கொட்டைக்குள் இருந்த பருப்பும் ஒரே உயிரின் பகுதிகள் அல்ல. சதை முழுக்க முழுக்கத் தாய்மரத்தின் உடல். இலையும் பட்டையும் எப்படித் தாய்மரத்துக்குச் சொந்தமோ, அப்படியே சதையும் சொந்தம். உள்ளே இருக்கும் பருப்போ பிள்ளை. அதில் பாதி தாயிடமிருந்து வந்தது, மறுபாதி ஈயோ வேறு பூச்சியோ கொண்டுவந்த மகரந்தத்தின் வழியாகப் பெயர் தெரியாத ஒரு தந்தை மரத்திடமிருந்து வந்தது. ஆகவே பழத்தின் இனிப்பை வைத்து விதையின் தரத்தை முடிவு செய்வது, தாயின் குரலைக் கேட்டுவிட்டுப் பிறக்காத பிள்ளையும் பாடும் என்று உறுதி கொடுப்பதற்குச் சமம்.

மாமரத்தின் ஒவ்வொரு உயிரணுவிலும் மரபுக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் 40, அதாவது 20 ஜோடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஏதேனும் ஒன்றுதான் பிள்ளைக்குப் போகும். இந்த ஒரு கணக்கின்படியே, ஒரு தாய்மரம் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுக்க 10,48,576 வழிகள் இருக்கின்றன. தந்தைக்கும் அதே எண்ணிக்கை. இரண்டையும் பெருக்கினால் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். ஜோடி சேர்ந்த குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதை நான் இதில் சேர்க்கவே இல்லை. இத்தனை சாத்தியங்களுக்கு நடுவே உங்கள் கொட்டை தாயின் அச்சாக அமையும் என்று எதிர்பார்க்க இடமில்லை. அதற்காக அது மட்டமாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் 1902-இல் முல்கோவா மாங்கொட்டைகளை ஊன்றி வளர்த்த மரங்களில் ஒன்று 1910-இல் முதன்முதலாகக் காய்த்தபோது, கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறத்தோடு பழம் வந்தது. ஹேடன் என்று பெயர் பெற்ற அந்த ரகம் பின்னாளில் பல வணிக ரகங்களுக்கு மூதாதையானது. அன்று சேர்த்து ஊன்றப்பட்ட மற்றக் கொட்டைகளின் பெயர் எதுவும் இப்படி நிலைக்கவில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

நெல்லும் பட்டாணியும் மட்டும் எப்படி விதையிலிருந்து மாறாமல் வருகின்றன என்று நீங்கள் கேட்கக்கூடும். அவை பெரும்பாலும் தம் பூவுக்குள்ளேயே தாமே மகரந்தம் சேர்த்துக்கொள்பவை. தலைமுறை தலைமுறையாக அப்படிச் செய்துவந்ததால் ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டன. மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் தம் ஆய்வுக்குப் பட்டாணியைத் தேர்ந்தெடுத்த காரணங்களில் இதுவும் ஒன்று. 1866-இல் அவர் வெளியிட்ட முடிவுகளில், ஊதாப்பூச் செடியையும் வெள்ளைப்பூச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் ஊதாவாகவே வந்தது. அவற்றைத் தாமாகவே விதை பிடிக்கவிட்டபோது 705 செடிகள் ஊதாவாகவும் 224 செடிகள் வெள்ளையாகவும் பிரிந்தன. ஒரே ஒரு குணத்தில் கலப்பாக இருந்த செடிக்கே இந்தப் பிரிவு என்றால், எண்ணற்ற குணங்களில் கலப்பாகவே நிற்கும் மாமரத்தின் விதை எப்படிப் பிரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய 'ஹைபிரிட் ஒட்டு' என்னும் சொல்லுக்கு வருகிறேன். தமிழில் 'ஒட்டு' என்ற ஒரே சொல் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வேலைகளைக் குறிக்கப் பயன்படுகிறது. 'வீரிய ஒட்டு ரகம்' என்று விதைப்பையில் அச்சிடும்போது, இரு வேறு பெற்றோரின் பூக்களைக் கலந்து பெற்ற விதை என்று பொருள். அங்கே உண்மையில் எதுவும் ஒட்டப்படவில்லை, ஒரு புதிய உயிர் பிறந்திருக்கிறது. 'ஒட்டுக்கன்று' என்று சொல்லும்போதோ, ஒரு செடியின் வேர்மீது மற்றொரு மரத்தின் குச்சியைச் சேர்த்துக் கட்டி வளர்த்தது என்று பொருள்; அங்கே புதிய உயிர் எதுவும் பிறக்கவில்லை, பழைய மரமே இன்னோர் இடத்தில் தொடர்கிறது. கலப்பு மாற்றத்தை உண்டாக்கும். ஒட்டு மாற்றமில்லாமல் காப்பாற்றும். இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டதால், கன்று விற்பவர் ஒருவர் இரண்டின் பெருமையையும் ஒரே கன்றின்மீது ஏற்றிச் சொல்ல முடிகிறது. கேட்பவருக்கு எதைக் கேள்வி கேட்பது என்றே தெரியாமல் போகிறது. பாடநூல் எழுதுபவர்களும் துறைக்கான துண்டறிக்கை எழுதுபவர்களும் இந்தக் குழப்பத்தை நெடுங்காலமாகத் தெரிந்தே அப்படியே விட்டுவைத்திருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உண்மையில் நல்ல பழ ரகம் ஒன்று உருவாக இரண்டு வேலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைப்படுகின்றன. நீலம் என்ற மா ரகத்தைத் தாயாகவும் தசேரி என்ற ரகத்தைத் தந்தையாகவும் வைத்துப் பெற்ற ரகம் மல்லிகா; தசேரியைத் தாயாகவும் நீலத்தைத் தந்தையாகவும் வைத்துப் பெற்றது ஆம்ரபாலி. பெற்றோர் அதே இருவர்தாம். ஆனால் மல்லிகாவின் பழம் பெரிது; ஆம்ரபாலியோ குட்டை மரம், சிறிய பழம். கலப்பில் கிடைத்த கன்றுகளில் தேறிய ஒரே ஒரு கன்றுதான் ஒவ்வொன்றிலும் ரகமாகப் பெயர் பெறுகிறது. அதன்பிறகு உலகில் எங்கே மல்லிகா மரம் நின்றாலும், அது அந்த ஒரு கன்றின் குச்சியிலிருந்து ஒட்டுக்கட்டி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். மல்லிகாவின் கொட்டையை ஊன்றினால் மல்லிகா வராது. ஆகவே ஒருவர் 'ஹைபிரிட்' என்று மட்டும் சொன்னால் அது எதையும் சொன்னதாகாது. உங்கள் மரமும், கொட்டை முளைத்த ஏறக்குறைய எல்லா மாமரங்களும் ஹைபிரிட்தான். எந்த ரகம், எந்தத் தாய்மரத்தின் குச்சி என்ற இரண்டையும் கேளுங்கள்.

மக்காச்சோளத்திலும் காய்கறிகளிலும் 'ஹைபிரிட்' என்ற சொல்லுக்குத் தெளிவான பொருள் உண்டு. தன்மகரந்தச் சேர்க்கையால் மெலிந்துபோன இரு வம்சங்களைக் கலந்தால் முதல் தலைமுறையில் வீரியம் மீண்டு வரும் என்பதை அமெரிக்கத் தாவர மரபியலாளர் ஜார்ஜ் ஷல் 1908-இல் மக்காச்சோளத்தில் விளக்கினார். அந்தப் பயிரில் விளைந்த விதையை எடுத்து மறுபடி விதைத்தால், குணங்கள் மெண்டலின் பட்டாணியைப் போலப் பிரிந்துவிடும். அந்தப் பெருமையை மாங்கன்றுக்கு இரவல் வாங்குவதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்தக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சில மா ரகங்களில் ஒரு கொட்டைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும். அவற்றில் ஒன்று வழக்கம்போலத் தாயும் தந்தையும் சேர்ந்து உண்டானது. மற்றவை விதைக்குள் கருவைச் சூழ்ந்திருக்கும் தாயின் திசுவிலிருந்தே தோன்றியவை. இவற்றுக்குத் தந்தை இல்லை. எனவே அவை தாயின் அச்சாகவே வளரும். தென்கிழக்கு ஆசியாவின் கராபாவோ, நாம் டாக் மாய் போன்றவையும், இந்தியாவின் மேற்குக் கரையைச் சேர்ந்த ஓலூர் போன்றவையும் இந்த வகை. அல்போன்சா, பங்கனபள்ளி, தசேரி ஆகியவை ஒற்றைக் கரு உடையவை. அவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. உங்கள் கொட்டை முளைத்த நாளை நினைவுகூருங்கள்: ஒரே கொட்டையிலிருந்து தனித்தனி வேருடன் இரண்டு மூன்று கன்றுகள் எழுந்தனவா? ஒரே தண்டு அடிபட்டு இரண்டாகக் கிளைத்திருந்தால் அது கணக்கில் வராது. ஒவ்வொன்றுக்கும் சொந்த வேர் இருந்திருக்க வேண்டும். அப்படி எழுந்திருந்தாலும், நீங்கள் விட்டுவைத்த ஒன்று தாயின் அச்சா, கலப்பில் பிறந்ததா என்பதைக் கண்ணால் மட்டும் உறுதியாகச் சொல்ல இயலாது. கலப்புக் கன்று பெரும்பாலும் மெலிந்திருக்கும் என்பார்கள். ஆனால் சில சமயம் அதுவே எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வளரும். எனவே இத்தகைய கொட்டைகளை ஊன்றுபவர்கள், ஒன்றுபோல இருக்கும் கன்றுகளை வைத்துக்கொண்டு, இலையின் வடிவிலோ வளர்ச்சியிலோ வேறுபட்டு நிற்பதை நீக்கிவிட வேண்டும். உங்கள் கொட்டை ஒற்றைக் கன்றையே தந்திருந்தால், தாயின் ருசியை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆறு ஆண்டுகளாகியும் பூக்கவில்லை என்பது நோயல்ல. விதையிலிருந்து வளரும் மரத்துக்கு இளமைப் பருவம் என்று ஒன்று உண்டு. அது முடியும்வரை எவ்வளவு உரமிட்டாலும் பூக்காது. புளோரிடாவில் அந்த மரம் 8 ஆண்டுகள் எடுத்துக்கொண்டதை மேலே பார்த்தீர்கள். ஒட்டுக்கன்று விரைவில் காய்ப்பதற்குக் காரணம், அதன் குச்சி ஏற்கெனவே முதிர்ந்து காய்த்துக்கொண்டிருந்த மரத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அதற்கும் 3, 4 ஆண்டுகள் தேவை. அதற்கு முன் வரும் பூவைக் கிள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் கன்று வளர வேண்டிய உணவு காய்க்குப் போய்விடும்.

பையில் இருக்கும்போதே பூத்தும் காய்த்தும் நிற்கும் கன்றைக் காட்டி விற்பது எனக்கு மிகவும் வெறுப்பூட்டும் தந்திரம். அது பெரும்பாலும் விற்காமல் நெடுநாள் தேங்கிய கன்று. அதன் வேர் பையின் சுவரில் முட்டி வட்டமாகச் சுருண்டிருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் எளிதில் விரியாது. மரம் பருத்த பின் பலத்த காற்றில் சாயவும் கூடும். இன்னொரு தந்திரம் இதைவிடக் கொடியது. ஒட்டிய குச்சி காய்ந்துபோன பின், கட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து முளைத்த தளிரை வளரவிட்டு, கட்டிய நாடாவை மட்டும் அடையாளமாக விட்டுவைத்து ஒட்டுக்கன்று என்றே விற்கிறார்கள். வாங்கும்போது தண்டில் மேலும் கீழும் பட்டை மாறும் ஒட்டுத் தழும்பைத் தேடுங்கள். நீங்கள் காணும் பசுமை அந்தத் தழும்புக்கு மேலிருந்து வருகிறதா என்று விரலால் தொடர்ந்து பாருங்கள்.

விதைப்பையில் முளைப்புத்திறனும் சோதித்த தேதியும் இருக்க வேண்டும் என்று விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு, பல ஆண்டுகள் கழித்தே குட்டு வெளிப்படும் பழக்கன்றுக்குத் தாய்மரத்தின் பெயரைக் கட்டித் தொங்கவிடும் விதியைக் கண்டிப்புடன் நடத்தத் தெரியவில்லை. விதை முளைக்காவிட்டால் பத்து நாளில் தெரிந்துவிடும்; கன்று பொய்த்தால் ஐந்தாம் ஆண்டில் தெரியும், அப்போது ரசீதும் இருக்காது, விற்றவரும் இருக்கமாட்டார். இலையைக் கொண்டே ரகத்தைச் சொல்லும் மரபணுச் சோதனை இன்று இருக்கிறது. ஆனால் ஒரு கன்று வாங்குபவர் அதை எங்கே போய்க் கேட்பார்?

இப்போது உங்கள் மரத்துக்கு வருகிறேன். அந்தப் பழம் எந்த மரத்துடையது என்று தெரிந்தால் அதிலிருந்தும், தெரியாவிட்டால் நீங்கள் விரும்பும் ரகத்தில் பல ஆண்டுகள் நன்றாகக் காய்த்த ஒரு மரத்திலிருந்தும் குச்சி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த மரத்தின் பூங்கொத்துகள் உருக்குலைந்து கொத்துக்கொத்தாகத் திரண்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அந்தப் பூசண நோய் குச்சி வழியாகவும் பரவும். காற்றில் ஈரம் இருக்கும், கடும் வெயிலும் கடும் குளிரும் இல்லாத காலத்தை எண்ணி, அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே உங்கள் மரத்தின் கிளைகளைச் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டுங்கள்; ஆனால் ஒரு கிளையை மட்டும் இலைகளோடு விட்டுவையுங்கள், வேருக்கு உணவு போக அது வேண்டும். வெட்டுவாயில் பூசணக்கொல்லிப் பசை பூசி, வெயில்படும் தண்டுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். தண்டுத்துளைப்பான் புழுவின் தூளும் பிசினும் வெளிவருகிறதா என்று அடிக்கடி பாருங்கள். புதிதாக வரும் துளிர்களில், தண்டைச் சுற்றிப் பரவலாக நிற்கும் நான்கைந்தை விட்டு மற்றவற்றைக் கழித்துவிடுங்கள். துளிர் பென்சில் பருமனானதும் மென்தண்டு ஒட்டுக் கட்டலாம். தாய்மரத்தில் 3, 4 மாத வயதுள்ள நுனிக்குச்சியின் இலைகளை, காம்பை மட்டும் விட்டு, ஒரு வாரம் பத்து நாள் முன்பே நறுக்கிவிட்டால் நுனிமொட்டு பருத்து ஆயத்தமாக இருக்கும். அந்தக் குச்சியை 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில் எடுத்து, அடியை ஆப்புப்போலச் சீவி, பிளந்த துளிருக்குள் செருகி, இரண்டின் பட்டைக்கு உட்புறப் பச்சைப் படலமும் ஒரு பக்கமாவது நேராகப் பொருந்தும்படி பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். முதல் முறை செய்பவர் என்றால், ஒட்டுக்கட்டிப் பழகிய கை ஒன்றைத் துணைக்கு அழைத்துக்கொள்வது நல்லது. மேலே மெல்லிய பை ஒன்றைக் கவிழ்த்துவிட்டு, துளிர் விட்டதும் அதை எடுத்துவிடலாம்.

கட்டுக்குக் கீழே வரும் தளிர்களை விடாமல் கிள்ளிக்கொண்டே இருங்கள். கவனம் தப்பினால் பழைய மரம் புதியதை மூடிவிடும். விட்டுவைத்த அந்த ஒரு கிளையை மட்டும், ஒட்டுகள் நன்றாகப் பற்றிய பிறகும் உடனே வெட்ட வேண்டாம். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் அது பூக்கக்கூடும். அதன் பழத்தைத் தின்று பார்த்தபின், வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.