சுமோ பூல் நடத்துறவங்க கேட்ட கேள்விகள்

கேள்வி: நாங்க டோக்கியோல ஒரே ஆபீஸ்ல வேலை பாக்குற எட்டு பேர். பூல்ல, அதாவது ஆளாளுக்கு வீரர்கள எடுத்து அவங்க ஜெயிப்புக்கு பாயிண்ட் போடுற ஆட்டத்துல, எல்லாரும் யோகொசுனாவையே (சுமோவோட உச்ச பதவி) எடுக்குறாங்க, சுவாரஸ்யமே இல்ல. என்ன பண்ணலாம்?

மக்குஉச்சில (சுமோவோட மேல் பிரிவு) 42 பேர் இருக்காங்க, அதை பதவி வரிசையில மேல இருந்து கீழ அஞ்சு குரூப்பா பிரிங்க. யோகொசுனாவும் ஒசெகியும் ஒண்ணு, செகிவாகேயும் கொமுசுபியும் ஒண்ணு, மீதி மயேகஷிராவ மேல, நடு, கீழன்னு மூணு. குரூப்புக்கு ஒருத்தர், ஒரு ஜெயிப்புக்கு ஒரு பாயிண்ட், யோகொசுனாவ சாய்ச்சு கின்போஷி வாங்குற மயேகஷிராவுக்கு இன்னும் ரெண்டு. கீழ் குரூப்ப அலட்சியமா எடுக்காதீங்க. 2024 மார்ச்ல தகேருஃபுஜி மயேகஷிரா 17ல இருந்து, மக்குஉச்சில முதல் பாஷோவுலயே (15 நாள் நடக்குற போட்டி) கோப்பைய தூக்கிட்டாரு, அந்த மாதிரி நடந்து 110 வருஷம் ஆயிருந்துச்சு. பான்சுகே, அதாவது அந்த பாஷோவோட பதவிப் பட்டியல், ரெண்டு வாரம் முன்னாடியே வந்துடும், அதை பாத்துட்டு எடுங்க.

கேள்வி: ஆளுக்கு 1000 யென் போட்டா தப்பா? சின்ன தொகைதானே.

தப்புதான். ஜப்பான் சட்டத்துல பணம் வச்சா தொகை எவ்வளவுன்னு பாக்க மாட்டாங்க, சூதாட்டம்தான். ஆடுறவருக்கு 5 லட்சம் யென் வரைக்கும் அபராதம், நடத்துறவருக்கு ஜெயில் வரைக்கும் போகும். 2010ல சுமோக்காரங்களே பேஸ்பால் மேல பந்தயம் கட்டி மாட்டுனப்போ, நாகோயா பாஷோவ ஜப்பானோட பொது டிவி என்எச்கே நேரலையா காட்டவே இல்ல. அங்கேயே உக்காந்து சாப்பிட்டு முடிக்கிற பந்தயத்துக்குத்தான் சட்டத்துல விலக்கு இருக்கு. தோத்தவங்க சேர்ந்து ஜெயிச்சவருக்கு டோக்கியோவோட சுமோ ஏரியா ரியோகோகுல ஒரு சாங்கோ நாபே (சுமோக்காரங்க சாப்பிடுற குழம்பு) வாங்கி குடுங்க, போதும்.

கேள்வி: என் ஆள் காயம்பட்டு பாதியில விலகிட்டாரு. வேற ஆள மாத்திக்கலாமா? இப்போ 6வது நாள், எங்ககிட்ட விதி எதுவும் இல்ல.

விதி இல்லாம ஆரம்பிச்சிட்டு 6வது நாள் வந்து கேக்குறீங்க. இதை எத்தனை தடவைதான் சொல்றது, முதல் நாள் முதல் மோதலுக்கு முன்னாடி எழுதி எல்லாருக்கும் அனுப்பிடுங்க. சுமோவுல க்யூஜோ, அதாவது ஆடாம விலகுறது, அபூர்வமான விஷயம் இல்லங்க, 15 நாள்ல யாராவது ஒருத்தர் விலகாத பாஷோவ பாக்குறதே கஷ்டம். 2025 மார்ச்ல ஒசாக்கால ஹோஷோர்யு யோகொசுனாவா ஆடின முதல் பாஷோ, அதுலயே பாதியில விலகிட்டாரு, அவரை நம்பி எடுத்தவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க? எங்க பூல்ல ஒரு தடவை 4வது நாள் ஒரு நண்பரோட ஒசெகி டோஹ்யோவுக்கு (மோதுற மண் மேடை) கீழ விழுந்து முட்டிய புடிச்சிக்கிட்டு எழுந்திரிக்கவே முடியல, அந்த பெரிய வீல்சேர கொண்டுவந்து நாலு பேர் சேர்ந்து ஏத்துறதுக்குள்ள இவரு போன்ல புது ஆள் பேர டைப் பண்ணிட்டாரு, இன்னொருத்தர் அது செல்லாதுன்னாரு, ரெண்டு பேரும் அடுத்த பாஷோ வரைக்கும் பேசிக்கல. தப்பு அவங்க மேல இல்ல, விதி எழுதாம விட்டது நான். அன்னைக்கு எழுதினத இன்னும் மாத்தல: மாத்துறது ஒரு தடவைதான், அதே குரூப்ல யாரும் எடுக்காத ஆள் மட்டும், புது ஆளோட பாயிண்ட் மறுநாள்ல இருந்துதான். விலகின ஆள் நடுவுல திரும்பி வந்தா அவர் உங்க ஆள் இல்ல. எதிர்ல நிக்க வேண்டியவருக்கு கெடைக்கிற ஃபுசென்ஷோ (ஆள் வராததால மோதாமலே கெடைக்கிற ஜெயிப்பு) முழு பாயிண்ட், அதிகாரபூர்வ கணக்குலயே அது ஜெயிப்புதான். உங்களுக்கு இந்த பாஷோவுல வழியில்ல, மாத்தாம ஆடி முடிங்க. பாதி ஆட்டத்துல எழுதுற விதி யாரோ ஒருத்தருக்கு சாதகமாத்தான் இருக்கும்.

கேள்வி: ஒரே ஹேயா (வீரர்கள் தங்கி பயிற்சி எடுக்குற கூடம்) ஆளுங்க ரெண்டு பேர எடுத்துருக்கேன், அவங்க மோதுற நாள் என்ன ஆகும்?

மோதவே மாட்டாங்க. கோப்பைக்கான பிளேஆஃப்ல மட்டும்தான் நடக்கும். எடுக்குறதுக்கு முன்னாடி இதையாவது தெரிஞ்சிக்கோங்க.

கேள்வி: கடைசி நாள் 7-7ல (7 ஜெயிப்பு, 7 தோல்வி) இருக்குற ஆள் கண்டிப்பா ஜெயிப்பாருன்னு சொல்றாங்களே?

அது பழைய கணக்கு. 1990கள் ஆட்டங்கள எடுத்து ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பாத்தாங்க, 8-6 ஆள எதிர்த்து 7-7 ஆள் பாதிக்கு பாதி ஜெயிக்க வேண்டிய எடத்துல 80% கிட்ட ஜெயிச்சிருந்தாங்க. அப்புறம் 2011ல யாஓச்சோ (முன்னாடியே பேசி வச்சு ஆடுறது) வெளிய வந்து மார்ச் பாஷோவையே ரத்து பண்ணாங்க. எட்டாவது ஜெயிப்பு கிடைக்கலன்னா கீழ இறங்கணும்ங்குற பயத்துலயே ஒருத்தர் உயிரக் குடுத்து தள்ளுவாரு, அதையும் சேர்த்து பாருங்க. கண்ண மூடிட்டு எடுக்காதீங்க.

கேள்வி: ஹென்கா போட்டு (ஆரம்பத்துலயே நேரா மோதாம பக்கவாட்டுல விலகி) ஜெயிச்சா பாயிண்ட் குறைக்கலாமா?

வேண்டாம். ஜெயிப்புன்னா ஜெயிப்புதான். மோனோஇ (நடுவர்கள் கூடி முடிவ பேசுறது) வந்தா மட்டும் மைக்ல அறிவிக்கிற வரைக்கும் பாயிண்ட் போடாதீங்க.

கேள்வி: ரெண்டு பேர் சமமா வந்தா?

கோப்பை வாங்குறவரு மொத்தம் எத்தனை ஜெயிப்பாருன்னு ஆளாளுக்கு ஒரு நம்பர் எழுதி வைக்க சொல்லுங்க, கிட்ட வந்தவருக்கு கொடுங்க. எல்லாரும் 14, 15ன்னு எழுதுவாங்க, ஆனா 2025 மார்ச்ல ஓனோசாத்தோ வெறும் 12லதான் வாங்கினாரு, அதுவும் பிளேஆஃப்ல தகயாசுவ ஜெயிச்சு. அந்த நம்பரையும் முதல் நாளுக்கு முன்னாடியே வாங்கி வச்சிடுங்க.