பாக்கெட் ஷாம்பூ யாருடையது?

கேள்வி: சிறு பாக்கெட்டில் ஷாம்பூ விற்பது வெளிநாட்டு நிறுவனங்களின் யோசனைதானே?
– வாசகி ஒருவர், விருத்தாசலம்

பதில்: நம் நாட்டில் அதற்கு வழிகாட்டியவர் உங்கள் கடலூர்க்காரர், சின்னி கிருஷ்ணன்! வசதியுள்ளவர் வாங்கும் பொருள் கூலிக்காரருக்கும் எட்ட வேண்டும் என்று நினைத்தவர். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியே தொடங்கிய தொழிலே இன்றைய கெவின்கேர் நிறுவனம். அதன் ‘சிக்’ ஷாம்பூவில் இருப்பது தந்தை பெயரின் சுருக்கம்தான். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கிய பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்து வாங்கி, அக்காவும் நானும் பாதிப் பாதியாகத் தேய்த்துக் குளித்திருக்கிறோம். அந்த எளிய மகிழ்ச்சியைத் தந்தவர்களை மதிக்கிறேன். ஆனால், மட்காத காலி உறைகள் எங்கள் தெருச் சாக்கடையை அடைத்துக் கிடப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.