பிறர் கதைகளை மூடி வைத்த பிறகு

ஒரு சிற்றிதழுக்கு வரும் சிறுகதைகளை ஏழு வருடம் சம்பளமில்லாமல் படித்துத் தேர்வு செய்து கொடுத்தேன். பாதியில் கிடக்கும் என் நாவலுக்காகப் போன ஆவணியில் விலகினேன். அது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

மாதம் நாற்பது கதைதானே அக்கா? ரயிலில் போகும்போதே படித்துவிடலாமே? (தாம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்)

மோசமான கதைக்கு ஐந்து நிமிடம் போதும், மிக நல்ல கதையும் அப்படித்தான். உயிரை வாங்குவது நடுவில் நிற்கும் கதை. அதை மூன்று தடவை படிக்க வேண்டும், பிறகு எழுதியவர் மனம் நோகாமல் நாலு வரி எழுத வேண்டும். போதாததற்கு இன்னும் சிலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். யூனிகோட் பழகிய செல்போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். அதை ரயிலில் எப்படிப் படிப்பது?

அப்படியானால் நேரம் போதாமல்தான் விலகினீர்களா? (கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி)

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம்தான் போனது. அதைவிட அதிகமாக சீரியல் பார்த்திருக்கிறேன்.

போனது வேறு. நாவலின் மூன்றாம் அத்தியாயத்தை இப்படித் தொடங்கினேன்: ‘அம்மாவின் மூச்சு அடங்கியபோது அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.’ எழுதிய மை காய்வதற்குள் உள்ளே ஒரு குரல்: ‘சாவில் தொடங்கும் கதை, இந்த மாதத்தில் ஒன்பதாவது.’ அடித்துவிட்டேன். மழையில் தொடங்கினேன், ‘மழையா, சரிதான்’ என்றது. பேருந்து நிலையத்தில் தொடங்கினேன், அதற்கும் ஒரு எண் வைத்திருந்தது. ஒரு வருட முடிவில் அந்த அத்தியாயத்துக்குப் பதினொரு தொடக்கங்கள் இருந்தன, இரண்டாம் பக்கம் இல்லை. தள்ளிப் பழகிய கண்ணுக்கு, இன்னும் முளைக்காத வாக்கியமும் தள்ள வேண்டியதாகவே தெரிகிறது. முதல் பிரதி எழுதும்போது கொஞ்சம் அசட்டுத்தனம் வேண்டும். எனக்கு அது வற்றிப்போயிருந்தது.

சி.சு. செல்லப்பா பத்திரிகையும் நடத்தினார், எழுதவும் செய்தாரே? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை)

செய்தார் ஐயா. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார், அதிலேயே எழுதவும் செய்தார். ஆனால் அவருடைய மூன்று பாக நாவல் ‘சுதந்திர தாகம்’ வெளிவந்தது 1997இல். மறுவருடம், 86 வயதில் காலமானார். அந்த நாவலுக்கான சாகித்திய அகாதெமி விருது 2001இல், அவர் இல்லாதபோது வந்தது. பத்திரிகையால்தான் நாவல் தள்ளிப்போனது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த வருடங்களைப் பார்த்தால் வயிற்றில் ஏதோ செய்கிறது.

எதிர் உதாரணமும் இருக்கிறது. எழுத்தாளர் அசோகமித்திரன் ‘கணையாழி’ இதழின் ஆசிரியர் பொறுப்பை வருடக்கணக்கில் பார்த்தவர். அவருடைய ‘தண்ணீர்’ நாவல் அதே கணையாழியில்தான் தொடராக வந்தது. எனக்கு அந்த வரம் வாய்க்கவில்லை.

இதழாசிரியர் நெருங்கிய நண்பர். விலகுவதை எப்படிச் சொல்வது தோழர்? (கோவில்பட்டி வாசகர்)

போனில் சொல்லாதீர்கள். ‘இந்த ஒரு இதழ் மட்டும்’ என்பார். எனக்கு அந்த ஒரு இதழ் எட்டு இதழாக நீண்டது. எழுத்தில் சொல்லுங்கள், தேதி போடுங்கள். என் கடிதம் இவ்வளவுதான்: ‘ஆவணி முதல் தேதியிலிருந்து கதை பார்க்க இயலாது. கையில் உள்ள 31 கதைகளை முடித்துத் தந்துவிடுகிறேன். வருத்தம் எதுவும் இல்லை. நாவல் எழுதப் போகிறேன்.’

கடிதத்தைவிட முக்கியம் கைமாற்றிக் கொடுப்பது. ‘முடிவை மாற்றி அனுப்புங்கள், பார்க்கிறேன்’ என்று நாம் சொல்லி வைத்தவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். பாவம், அவர்கள் மாற்றி எழுதி அனுப்பும்போது புதிதாகப் படிக்க வந்தவருக்கு விஷயமே தெரியாது, ஒரே வரியில் திருப்பிவிடுவார். அந்தப் பெயர்களையும், சொன்ன திருத்தங்களையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

விலகினால் தொடர்பெல்லாம் அறுந்துபோகாதா? (பெயர் வேண்டாம் என்றவர்)

சிலர் போன் எடுப்பது குறைந்தது உண்மைதான்.

நான் ஒரு இதழில் கதை படிக்கச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இப்போதே விட்டுவிடவா அக்கா? (பொறியாளர், ஓசூர்)

வேண்டாம் தம்பி, இன்னும் இரண்டு வருடமாவது படியுங்கள். பெரும்பாலான கதைகள் இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்குகின்றன, முடிய வேண்டிய இடத்துக்கு அப்புறமும் ஒரு பத்தி ஓடுகின்றன. முந்நூறு கதை படித்தால் இது தானாகப் புரியும், யாரும் சொல்லித்தர வேண்டாம். அதற்கு மேல் அதே பாடம்தான் திரும்பத் திரும்ப வரும்.

விலகிய பிறகும் நண்பர்கள் கைப்பிரதி அனுப்புகிறார்களா? (கவிஞர், ஈரோடு)

மார்கழி பிறந்தால் போதும். ‘சென்னைப் புத்தகக் காட்சிக்குள் வந்தாகணும், சும்மா ஒரு பார்வை’ என்பார்கள். அந்த ஒரு பார்வை 280 பக்கம். என் பிரதியைப் படித்துத் தரும் இரண்டு பேருக்கு மட்டும் சரி சொல்கிறேன். மற்றவர்களுக்கு அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடுகிறேன். இழுத்தடித்துவிட்டு அப்புறம் மறுத்தால்தான் கோபம் வருகிறது.

நாவல் எந்த அளவில் இருக்கிறது? (மேலே கேட்ட அதே தமிழாசிரியர்)

முதல் மாதம் ஒரு வரி ஓடவில்லை, பீரோவைச் சுத்தம் செய்தேன். இப்போது 94 பக்கம். அந்தக் குக்கர் வாக்கியத்தைத் திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன், விசில் மட்டும் இரண்டாகக் குறைந்திருக்கிறது.